வில்வேட்டை: வேலிக்கு இந்தப் பக்கம் உரிமை, அந்தப் பக்கம் குற்றம்

டென்மார்க்குக்கும் ஜெர்மனிக்கும் நடுவே சுமார் 70 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வேலி ஓடுகிறது. காட்டுப்பன்றிகள், பண்ணைப் பன்றிகளைக் கொல்லும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைக் கொண்டுவந்துவிடக் கூடாது என்று டென்மார்க் 2019-இல் போட்டு முடித்த வேலி அது. உயரம் ஒன்றரை மீட்டர். பன்றியால் தாண்ட முடியாது. ரோ என்ற சிறிய ஐரோப்பிய மான் தாண்டிவிடும். வேலிக்கு வடக்கே அந்த மான் நின்றால், வேட்டைக் காலத்தில், முறையாகத் தேர்வு எழுதித் தேறிய ஒருவர் அதை வில்லால் வேட்டையாடலாம். அதே மான் ஒரே துள்ளலில் தெற்கே போய் நின்றுவிட்டால், அதன்மீது அம்பு விடுவது குற்றம். மான் அதேதான். வில்லும் அதேதான். நடுவில் இருப்பது ஒரு கோடு மட்டும்.

இதைக் கேள்விப்படும் பலர் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: விலங்குகள்மீது இரக்கம் உள்ள நாடு தடை செய்கிறது, இரக்கம் இல்லாத நாடு அனுமதிக்கிறது. இந்த விளக்கம் நிற்காது. ஜெர்மனியில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரோ மான்கள் துப்பாக்கியால் சுடப்படுகின்றன. அங்கே வேட்டை ஒரு மதிப்பான பழக்கம்; தடை வில்லுக்கு மட்டும்தான். பிரிட்டனிலும் அப்படித்தான். ஆகவே இது வேட்டை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியே அல்ல. வில் என்ற கருவியை ஒவ்வொரு சமூகமும் எப்படிப் பார்க்கிறது என்ற கேள்வி. அது புரிய வேண்டுமானால், முதலில் வில் எப்படிக் கொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொஞ்சம் மனதைப் பிசையும் விஷயம்தான். ஆனால் அதைத் தாண்டிப் போனால் மற்ற எதுவும் புரியாது.

அம்பு என்ன செய்கிறது

துப்பாக்கிக் குண்டு வேகத்தால் கொல்கிறது. உடலுக்குள் நுழைந்ததும் தன் ஆற்றலை எல்லாம் சுற்றியுள்ள திசுக்களில் கொட்டுகிறது, எலும்பை நொறுக்குகிறது. அம்பிடம் அந்த ஆற்றல் கிடையாது. அம்பு வெட்டிக் கொல்கிறது. வேட்டை அம்பின் முனையில் சவரக்கத்தி போன்ற கூர்மையான தகடுகள் இருக்கும். அவை நுரையீரலையோ இதயத்தையோ அறுத்துக்கொண்டு போனால், சில நொடிகளில் ரத்த அழுத்தம் சரிந்து விலங்கு நினைவிழந்து விழும். ஒரு சாண் பிசகி வயிற்றில் பட்டாலோ, தொடையில் பட்டாலோ, விலங்கு ஓடிவிடும், மணிக்கணக்காகத் துடிக்கும். எனவே வில்வேட்டையில் எல்லாமே அந்த ஒரு சாணைப் பொறுத்தது.

அந்த ஒரு சாண் ஏன் பிசகுகிறது? தூரம்தான் முக்கியக் காரணம். இன்றைய காம்பவுண்ட் வில்லில் இரு முனைகளிலும் கப்பிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் மிசௌரியைச் சேர்ந்த ஹோலிஸ் வில்பர் ஆலன் 1960-களில் உருவாக்கி, 1969-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. நாணை இழுக்கும்போது 60, 70 பவுண்டு வரை கனக்கும். கப்பி சுழன்று முடிந்ததும் கையில் நிற்கும் பாரம் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். அதனால் நிதானமாகக் குறி பார்க்க முடிகிறது. இவ்வளவு வசதி இருந்தும் அம்பின் வேகம் நொடிக்கு 80, 90 மீட்டர்தான். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மீட்டர் தள்ளி ஒரு மான் நிற்கிறது. நாணின் ஓசை அதன் காதை எட்ட நொடியில் பதினான்கில் ஒரு பங்கு போதும். அம்பு போய்ச் சேர ஏறக்குறைய 0.3 நொடி ஆகும். இடைப்பட்ட நேரத்தில் மிரண்ட மான் பாய்வதற்காகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்திவிடும். நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகுக்கு மேலே போகும், அல்லது படக்கூடாத இடத்தில் படும். துப்பாக்கியில் இந்தச் சிக்கல் இல்லை. குண்டு ஒலியைவிட வேகமாகப் போவதால், சத்தம் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கும்.

ஆகவே வில்லைக் கையில் எடுத்தவர் விலங்கின் பக்கத்தில் போயாக வேண்டும். துப்பாக்கிக்காரர் 200 மீட்டரில் இருந்து சுடுவார். வில்லாளிக்கு 20, 30 மீட்டர்தான். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, மான் எந்தப் பக்கம் பார்க்கிறது, காலடியில் சருகு நொறுங்குமா என்று எல்லாம் பார்க்க வேண்டும். பல நாள் காத்திருந்து ஓர் அம்புகூட விடாமல் திரும்புவது வில்வேட்டையில் சாதாரணம்.

மொத்தத்தில் வில்லுக்கு மூன்று குணங்கள்: தூரம் எட்டாது, சத்தம் போடாது, பட்ட இடத்திலேயே வீழ்த்தாது. நாடுகள் இந்த மூன்றில் எதைப் பெரிதாக எடுத்துக்கொள்கின்றன என்பதில்தான் வேறுபாடு பிறக்கிறது என்பது என் புரிதல்.

அமெரிக்கா: எட்டாததே பெருமை

அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வில்வேட்டை சட்டப்படி செல்லும். வெறுமனே பொறுத்துக்கொள்ளப்படுவதில்லை, போற்றப்படுகிறது. பெரும்பாலான மாநிலங்களில் மான் வேட்டைக்கு வில்லாளிகளுக்கென்றே தனிப் பருவம் உண்டு. துப்பாக்கிப் பருவத்தைவிட அது நீளமாகவே இருக்கும். காரணம் எளிது: வில்லால் குறைந்த மான்களே விழும் என்பதால் அதிக நாள் அனுமதித்தாலும் காட்டுக்குப் பெரிய இழப்பில்லை என்று கணக்கிட்டார்கள். பிரிட்டனில் எது குறை என்று சொல்லப்படுகிறதோ, அதுவே அங்கே அனுமதிக்குக் காரணமாகிவிட்டது.

இந்தப் பார்வை எப்படி வந்தது? அதன் பின்னால் நெஞ்சை உலுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1911 ஆகஸ்ட் மாதம், கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரருகே பசியால் வாடிய ஒரு மனிதர் தனியாக வந்து நின்றார். யாஹி என்ற பழங்குடியில் மிஞ்சியிருந்த கடைசி ஆள் அவர். தங்கம் தேடி வந்தவர்களும் குடியேறிகளும் அவர் மக்களைச் சில பத்தாண்டுகளில் கொன்று தீர்த்திருந்தார்கள். தன் பெயரை அந்நியரிடம் சொல்வது அவர் மரபில் இல்லை. ஆகவே மனிதன் என்று பொருள்படும் யாஹி சொல்லால் இஷி என்று அழைத்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கவைக்கப்பட்ட அவர், வில் செய்வதையும் அம்பு செதுக்குவதையும் அங்கே செய்துகாட்டினார். பக்கத்து மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராக இருந்த சாக்ஸ்டன் போப் அவருக்கு மருத்துவம் பார்த்தார், நண்பரானார், அவரிடமே வில்வித்தையைக் கற்றார். இஷி 1916-இல் காசநோயால் இறந்தார். போப்பும் அவருடைய தோழர் ஆர்தர் யங்கும் அந்த வித்தையை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார்கள். இன்று அமெரிக்க வில்வேட்டையில் சாதனைப் பதிவுகளை வைத்திருக்கும் அமைப்பு 1961-இல் தொடங்கப்பட்டபோது இவர்கள் இருவரின் பெயரையே சூட்டிக்கொண்டது. கற்றுக்கொடுத்தவரின் பெயர் அதில் இல்லை. இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடம் வலிக்கிறது.

சட்டத்தின் கதை விஸ்கான்சினில் தொடங்குகிறது. 1934-இல் அந்த மாநிலம் இரண்டு மாவட்டங்களில் மட்டும், சோதனையாக, வில்லுக்கென்று ஒரு மான் பருவத்தை அறிவித்தது. காட்டுயிர் மேலாண்மை என்ற துறையையே உருவாக்கியவர்களில் ஒருவரான ஆல்டோ லியோபோல்ட் அப்போது அங்கேதான் இருந்தார். தன் வில்லைத் தானே செய்துகொள்ளும் ஆர்வலர் அவர். நன்கு கவனியுங்கள்: அமெரிக்காவில் வில்லை ஆதரித்தவர்கள் இயற்கையைக் காக்க வேண்டும் என்று போராடியவர்களின் பக்கத்திலேயே இருந்தார்கள். 1900 வாக்கில் வெள்ளைவால் மான் சில லட்சமாகக் குறைந்திருந்தது. கணக்கின்றிச் சுட்டதன் விளைவு. அந்தக் குற்றவுணர்ச்சியில் இருந்துதான், தப்பிக்க விலங்குக்கும் நியாயமான வாய்ப்பு வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. வில் அந்த எண்ணத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. இன்று அந்த மான்களின் எண்ணிக்கை சுமார் 3 கோடி.

இதில் பணமும் கலந்திருக்கிறது. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் 11 சதவீத வரி வசூலித்துக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் சட்டம் 1937-இல் வந்தது. 1972-இல் வில், அம்புகளையும் அதில் சேர்த்தார்கள். எனவே தன் வில்லுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி காட்டுக்குப் போகிறது என்று ஓர் அமெரிக்க வில்லாளி சொல்லும்போது, அது சாக்குப்போக்கு அல்ல, உண்மை.

இன்னொரு அடிப்படையும் உண்டு. அமெரிக்காவில் காட்டு விலங்கு நில உரிமையாளருக்குச் சொந்தமில்லை. மக்கள் அனைவருக்கும் பொதுவான சொத்தாக மாநிலம் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பதே சட்டத்தின் பார்வை. உரிமக் கட்டணம் கட்டும் சாதாரணத் தொழிலாளிக்கும் மான் வேட்டை உண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டு அட்லாண்டிக்கைத் தாண்டுங்கள்.

பிரிட்டன், ஜெர்மனி: வீழ்த்தாததே குறை

நீள்வில்லுக்குப் பெயர்போன நாடு இங்கிலாந்து. ஆனால் அங்கே காட்டுக்குள் குடியானவன் கையில் இருந்த வில்லுக்கு நல்ல பெயர் இருந்ததில்லை. நார்மன் மன்னர்கள் காலத்தில் இருந்தே அரச காடுகளில் மான் அரசனுடையது. குடியானவன் வில்லோடு காட்டுக்குள் பிடிபட்டால் அதுவே குற்றத்துக்குச் சாட்சி. போரில் வில் பெருமை. காட்டில் வில் திருட்டு. பிற்காலத்தில் வேட்டை நிலவுடைமையாளரின் பொழுதுபோக்காகி, துப்பாக்கிக்கு மாறியபோது, வில்வேட்டைக்காகப் பேச ஒரு கூட்டமே அங்கே மிஞ்சவில்லை. 1963-இல் மான்களைக் காக்கும் சட்டம் வந்தபோது அம்பும் ஈட்டியும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. 1981-இல் வந்த காட்டுயிர்ச் சட்டம் மற்றக் காட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் அதை விரிவாக்கியது. சொல்லப்பட்ட காரணம் விலங்கின் வேதனை. பழைய நினைவும் அந்தக் காரணத்துக்குத் துணைநின்றது என்று நினைக்கிறேன்.

ஜெர்மனியின் கதை வேறு. அங்கே வேட்டைக்காரராக வேண்டுமானால் கடுமையான தேர்வு எழுத வேண்டும். விலங்கியல், நோய்கள், இறைச்சிச் சுகாதாரம், சட்டம் எல்லாம் அதில் வரும். வேட்டை உரிமை நிலத்தோடு ஒட்டியது. வேட்டைக்காரர்கள் தங்கள் கடமையைச் சொல்ல ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். உச்சரிப்பு ஏறக்குறைய வைட்கெரெஷ்ட். வேட்டையாடுபவனுக்குரிய நேர்மை என்று பொருள் கொள்ளலாம். அந்த நேர்மையின் முதல் விதி, விலங்கைத் தேவையில்லாமல் துன்புறுத்தாதே என்பது. காயம்பட்ட விலங்கை நாயோடு தேடிப் போவதைக்கூட அவர்கள் தவிர்க்க முடியாத கடமையாக வைத்திருக்கிறார்கள். அந்த நேர்மையில் ஊறியவர் வில்லைப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது, பட்ட இடத்திலேயே வீழ்த்தாது என்ற குணம். கூட்டாட்சி வேட்டைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, மான், பன்றி போன்ற குளம்புள்ள காட்டு விலங்குகள்மீது அம்பு விடுவதைத் தடை செய்கிறது. அதே வரிசையில் சிறு ரவைகளைச் சிதறடிக்கும் தோட்டாவும் வருகிறது. இரண்டும் காயப்படுத்திவிட்டு விட்டுவிடக்கூடும் என்ற ஒரே காரணம்.

ஆக, அமெரிக்கரும் ஜெர்மானியரும் பேசுவது நேர்மையைப் பற்றித்தான். அமெரிக்கருக்கு நேர்மை அம்பு பாயும்வரை: விலங்கு தப்பிக்க வாய்ப்பிருந்ததா? ஜெர்மானியருக்கு நேர்மை அம்பு பாய்ந்த பிறகு: விலங்கு எவ்வளவு நேரம் துன்பப்பட்டது? இருவரும் எதிரெதிராக வாதிடும்போது ஒருவர் சொல்வது மற்றவர் காதில் ஏறாததற்கு இதுவே காரணம்.

ஜப்பானையும் இங்கே சொல்ல வேண்டும். வில்வித்தையைக் கியூடோ என்ற பெயரில் தியானத்துக்கு நிகராக வளர்த்த நாடு அது. அங்கே வில்லால் காட்டு விலங்கை வேட்டையாடுவது தடை. வடக்கே ஹொக்கைடோவில் ஐனு மக்கள் வத்சநாபி வேரின் நஞ்சைப் பூசிய அம்புகளால் கரடியையும் மானையும் வேட்டையாடிவந்தார்கள். 1876-இல் அரசு அந்த நஞ்சு அம்புகளைத் தடைசெய்து, துப்பாக்கியைப் பயன்படுத்தச் சொன்னது. காகிதத்தில் அது ஒரு கருவி மாற்றம். ஐனு மக்களுக்கோ, அவர்கள் சோற்றுக்கான வழியும் அதைச் சுற்றியிருந்த சடங்குகளும் ஒரே ஆணையில் குலைந்துபோயின.

சோதித்துப் பார்த்த நாடுகள்

பிரான்சும் டென்மார்க்கும் எனக்குப் பிடித்த பகுதி. இரண்டு நாடுகளும் பழைய நினைவுகளை ஓரம் வைத்துவிட்டு, இதைக் கற்பிக்கக்கூடிய திறமையாகப் பார்த்தன. பிரான்ஸ் 1995-இல் வில்வேட்டையை முறைப்படுத்தியது. வழக்கமான வேட்டை உரிமம் போதாது. வில்லுக்கென்று தனியாக ஒரு நாள் கட்டாயப் பயிற்சி உண்டு. ஒவ்வோர் அம்பிலும் அதை விடுபவரின் உரிம எண் இருக்க வேண்டும். வழி தவறிய அம்பு எங்கே கிடந்தாலும் யாருடையது என்று தெரிந்துவிடும். ஆனால் விசை வைத்த குறுக்குவில்லுக்கு அங்கே இடமில்லை. ஆம், வில்லை ஏற்றுக்கொண்ட நாடுகளிலும் குறுக்குவில்லில் சண்டை ஓயவில்லை. அமெரிக்காவிலேயே ஒரிகன் மாநிலத்தில் குறுக்குவில்லால் வேட்டையாட முடியாது.

டென்மார்க் 1999-இல் ரோ மானுக்கு மட்டும் கதவைத் திறந்தது; பெரிய மான்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தே அனுமதி வந்தது. வேட்டைத் தேர்வில் தேறியவரும் வில்லுக்கென்று தனியாக எய்துகாட்டித் தேற வேண்டும். அம்பை நெஞ்சில் வைக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே அனுமதி என்றால், வீழ்த்தாது என்ற குறையின் பெரும்பகுதி ஆளோடு சேர்ந்து வெளியேறிவிடும் என்பதே அதன் தர்க்கம்.

இந்தத் தர்க்கம் எவ்வளவு தூரம் சரி? அமெரிக்காவின் மேரிலாந்தில் இண்டியன் ஹெட் என்ற கடற்படைத் தளத்தில் 1989 முதல் 2006 வரை பயிற்சி பெற்ற வில்லாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அம்பு பட்ட மான்களில் 82 சதவீதம் கண்டெடுக்கப்பட்டன. 18 சதவீதம் கிடைக்கவில்லை. கிடைக்காதவற்றில் சில பிழைத்திருக்கும், சில எங்கோ புதரில் இறந்திருக்கும். இந்த எண்ணை ஆதரவாளர் படித்தால் பயிற்சியின் வெற்றி என்பார். எதிர்ப்பவர் படித்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு மான் அம்போடு ஓடியது என்பார். இரண்டு வாக்கியங்களும் உண்மை. என்னைக் கேட்டால், 18 என்பது சிறிய எண் அல்ல. ஆனால் துப்பாக்கியிலும் காயம்பட்டுத் தப்பும் விலங்குகள் உண்டு என்பதை மறந்துவிட்டு வில்லை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நேர்மையில்லை. தூரத்தையும் ஆளின் திறமையையும் கேட்காமல் கருவியை மட்டும் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு அரைகுறையானது. அந்த வகையில் டென்மார்க் வழியே எனக்கு நியாயமாகப் படுகிறது.

ஆப்பிரிக்கா: ஒரே வில், இரண்டு பெயர்கள்

தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் வில்வேட்டை ஒரு தொழில். தென்னாப்பிரிக்காவில் 1991-இல் வந்த ஒரு சட்டம், முறையாக வேலியிட்ட நிலத்தில் உள்ள காட்டு விலங்குகளுக்கு நில உரிமையாளரே சொந்தக்காரர் என்பதை உறுதிசெய்தது. அமெரிக்காவின் பொதுச்சொத்து எண்ணத்துக்கு நேர் எதிர். மாட்டுப் பண்ணைகள் மான் பண்ணைகளாக மாறின. வெளிநாட்டு வில்லாளிகள் நீர்நிலை ஓரத்து மறைவிடத்தில் காத்திருந்து வேட்டையாடப் பணம் கொடுக்கிறார்கள். விலங்குக்கு விலை இருப்பதால்தான் நிலம் காடாக நிற்கிறது என்று பண்ணைக்காரர்கள் சொல்கிறார்கள். அந்த வாதத்தில் பொருளாதார உண்மை இருக்கிறது. தண்ணீர் குடிக்க வரும் விலங்கை மறைந்திருந்து எய்வதில், தப்பிக்க நியாயமான வாய்ப்பு என்ற அமெரிக்க எண்ணம் எங்கே போனது என்ற கேள்வியும் இருக்கிறது.

2015 ஜூலையில் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவுக்கு வெளியே சிசில் என்ற ஆண் சிங்கத்தை ஓர் அமெரிக்கர் வில்லால் எய்தார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டிக் கண்காணித்துவந்த சிங்கம் அது. அம்பு பட்டுப் பல மணி நேரம் கழித்தே அதைக் கொன்றார்கள். உலகம் முழுவதும் எழுந்த கோபத்துக்குக் தலையையும் தோலையும் வெற்றிச் சின்னமாக வைத்துக்கொள்வதற்காகக் கொல்லும் ஆசை முதல் காரணம் என்றால், அந்தப் பல மணி நேரம் இரண்டாவது காரணம். அதுவரை வில்வேட்டை என்றால் என்ன என்றே யோசித்திராத கோடிக்கணக்கானவர்களுக்கு, வில் அறிமுகமானதே அந்தச் செய்தி வழியாகத்தான்.

கென்யாவில் நிலைமை வேறு. 1977-இல் அங்கே வேட்டை முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்பே வில்லுக்குக் கெட்டகாலம் தொடங்கிவிட்டது. இன்றைய சாவோ தேசியப் பூங்காப் பகுதியில் வாட்டா மக்கள் வாழ்ந்தார்கள். 100 பவுண்டுக்கும் மேல் இழுவிசை கொண்ட பெரிய வில்லும், மரத்தைக் காய்ச்சி எடுத்த நஞ்சும் கொண்டு யானையை வேட்டையாடியவர்கள் அவர்கள். 1948-இல் பூங்கா உருவானது. 1950-களில் பூங்கா அதிகாரிகள் நடத்திய பெரும் நடவடிக்கையில் அவர்களில் ஏராளமானோர் சிறைக்குப் போனார்கள். தந்த வியாபாரிகளுக்காக யானைகள் விழுந்தன என்பது உண்மைதான். ஆனால் அதே ஆண்டுகளில் உரிமம் வாங்கிய வெள்ளைக்காரர் துப்பாக்கியால் யானையைச் சுட்டால் அவர் வேட்டைக்காரர். வாட்டா மனிதர் வில்லால் எய்தால் அவர் கள்ளவேட்டைக்காரர். சத்தம் போடாது என்ற குணம் இங்கே வில்லுக்கே எதிரான சாட்சியானது. ஓசையில்லாத ஆயுதத்தைக் காவலரால் கண்டுபிடிக்க முடியாதே.

எல்லையைத் தாண்டினால் தான்சானியாவின் எயாசி ஏரிப் பக்கம் ஹட்சா மக்களில் சிலர் இன்றும் வில்லால்தான் சாப்பாடு தேடுகிறார்கள். அங்கே அது விளையாட்டும் இல்லை, மரபைக் காப்பாற்றும் விழாவும் இல்லை, அன்றாட உணவு.

விலங்கு யார் வீட்டுப் பிள்ளை?

நியூசிலாந்தில் வெளவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இயற்கையாக இல்லை. மான்கள் 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிகள் கொண்டுவந்து விட்டவை. காட்டை மேய்ந்து அழிப்பவை என்று அரசே அவற்றைக் குறைக்க விரும்புகிறது. ஆகவே வில்லால் வேட்டையாட விரும்புபவருக்குப் பெரிய தடையில்லை. ஆஸ்திரேலியாவிலும் மான், பன்றி, ஆடு எல்லாம் வந்தேறிகள்தான்; பல மாநிலங்கள் வில்லை அனுமதிக்கின்றன. அப்படியிருந்தும் தெற்கு ஆஸ்திரேலியா 2024 இறுதியில் வில்வேட்டையைத் தடைசெய்தது. அங்கே வாதம் மானின் பூர்வீகத்தைப் பற்றியதே அல்ல, வேதனையைப் பற்றியது. அழிக்க வேண்டிய விலங்கு என்றாலும் எப்படிச் சாகிறது என்பது முக்கியம் என்று ஒரு மாநிலம் முடிவெடுத்தது.

இந்தியாவில் கேள்வியே எழுவதில்லை என்று தோன்றும். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே தடை செய்கிறது. வில்லா துப்பாக்கியா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் கூர்ந்து பார்த்தால் வில் அங்கேயும் இருக்கிறது. அதே சட்டத்தின் 65-ஆம் பிரிவு, நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு ஏற்கெனவே இருந்த வேட்டை உரிமையைத் தொடாமல் விட்டுவைத்திருக்கிறது. மாறாக 2006-இன் வன உரிமைச் சட்டம் பழங்குடிகளின் மரபுரிமைகள் பலவற்றை அங்கீகரித்தாலும், வேட்டையை மட்டும் பெயர் சொல்லி விலக்கியது. ஜார்க்கண்டின் தல்மா மலையில் ஆண்டுதோறும் சேந்திரா என்ற வேட்டைத் திருவிழா வருகிறது. வில்லும் அம்புமாக மக்கள் மலையேறுவார்கள். விலங்கைக் கொல்லாமல் அடையாளமாக மட்டும் கொண்டாடுங்கள் என்று வனத்துறை வேண்டிக்கொண்டு காவல் நிற்கும். தங்கள் முன்னோரின் காட்டில் தாங்களே குற்றவாளியா என்ற அவர்கள் கேள்விக்கும், சுருங்கிப்போன காட்டில் மிஞ்சியிருக்கும் சில விலங்குகளுக்கும் இடையே எனக்கு எளிதான பதில் இல்லை.

வேலிக்குத் திரும்பினால்

ஐரோப்பாவில் இந்த விவாதம் இப்போது காட்டை விட்டு வெளியே வந்திருக்கிறது. காட்டுப்பன்றிகள் புறநகர்த் தோட்டங்களுக்குள் நுழைகின்றன. வீடுகளுக்கு நடுவே துப்பாக்கியால் சுட முடியாது. தவறிய குண்டு கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். மேலே இருந்து கீழ்நோக்கி விட்ட அம்பு சில மீட்டரில் மண்ணில் குத்தி நிற்கும். எட்டாது என்ற பழைய குறை இங்கே பாதுகாப்பாக மாறிவிடுகிறது. மாட்ரிட் பகுதியில் பன்றிகளைக் குறைக்க வில்லாளிகளைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் பல புறநகரங்கள் மான்களுக்காக நீண்ட காலமாக இதைச் செய்துவருகின்றன.

ஜெர்மனியிலேயே, பெர்லினை ஒட்டிய ஸ்டான்ஸ்டோர்ஃப், க்ளைன்மாக்னோ ஆகிய ஊர்கள் 2010-களின் பிற்பகுதியில் பன்றிகளை அம்பால் வேட்டையாடச் சிறப்பு அனுமதி கேட்டன. கடும் வாக்குவாதம் எழுந்தது. 19-ஆம் பிரிவை எழுதியவர்கள் நினைத்தது காட்டில் 100 மீட்டருக்கு அப்பால் நிற்கும் மானை. பள்ளிக்கூட வேலியோரத்தில், 15 மீட்டரில், தோட்டத்தைக் கிளறிக்கொண்டு நிற்கும் பன்றி அவர்கள் கணக்கில் இல்லை.